எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஒரு பிள்ளையார்

போன மாதம் ஒரு நாள் காலை பெரம்பலூர் உழவர் சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹரிஷ் போன் செய்தான். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன் ஹரிஷ். நல்ல பையன். என்னை விட அதிகம் படித்தவன், என்னை விடக் குறைவாகத் தூங்குபவன்.

"சார், எடைமேடை ரூம் கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப்ல ஒரு பிள்ளையார் இருக்காரு."

"இருப்பாரு."

"அவரு என்ன பண்றாருன்னு உள்ள போய்ப் பாத்தேன் சார். ஒண்ணுமே பண்ணல."

"அதாம்ப்பா அவருக்கு வேலை."

அவன் சிரிக்கவில்லை. எடைமேடையில் அடிக்கிற லாரி பாஸ்கள் மறுபடி காணாமல் போகின்றனவாம். எதற்கும் மெஷினைச் சுத்தம் செய்துவிடலாம் என்று வேண்டாததை எல்லாம் அழித்துக்கொண்டே வந்தவன் பிள்ளையாரிடம் வந்து நின்றிருக்கிறான். டெஸ்பாட்ச் பொறுப்பாளர் மேரி மேடம் கையை நீட்டித் தடுத்து, "அதைத் தொடணும்னா சிஸ்டம் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடு" என்று சொல்லிவிட்டாராம். சிஸ்டம் சார் என்பது நான்தான். சொந்தப் பெயர் குணசேகரன் என்று ஒன்று உண்டு. ஆலையில் அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"சாயந்திரம் கூப்பிடுறேன். அதுவரைக்கும் பிள்ளையார் மேல கை வைக்காத" என்றேன். பாஸ் காணாமல் போகிறது என்று கேட்டதும் கையில் இருந்ததைத் திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டேன். அன்றைக்குக் கத்தரிக்காய் வாங்கவில்லை. அதற்கு வீட்டில் கேட்ட கேள்விகள் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கணிதத்தில் பட்டம். பிறகு திருச்சியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகலாம். உள்ளே ஏசி, வாசலில் கால்மிதி, மெஷினுக்குப் பச்சை வெல்வெட்டில் உறை. அந்த உறையை எடுக்கும் உரிமை இன்ஸ்டிட்யூட் முதலாளிக்கு மட்டும். எங்களில் பாதிப் பேர் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவோம். அப்படிக் கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். பின்னால் நடந்ததை எல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் யார் மேலும் கோபம் வராது.

ஆலையில் எனக்குக் குளிர்ந்த அறை கிடைத்தது. ஆனால் தொல்லை முழுக்க எடைமேடையில் இருந்தது. லாரி காலியாக வந்து மேடையில் ஏறும், ஒரு எடை. உள்ளே போய் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்ப ஏறும், இன்னொரு எடை. ஆபரேட்டர் இரண்டையும் சரிபார்த்துப் பாஸ் அடித்தால், சுவரில் போட்ட துளை வழியே கேபிள் ஓடி, பக்கத்து கேட் அறையில் இருக்கும் பிரிண்டரில் அது மூன்று நகலாக வரும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது அடிக்கும் சத்தத்தில் கேட்டில் படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். கேட்டில் இருந்த சிங்காரம் பாஸைக் கிழித்து டிரைவர் கையில் கொடுப்பார். அவர் ராணுவத்தில் இருந்து வந்தவர், எல்லோருக்கும் மிலிட்டரி. கையில் பாஸ் இல்லாமல் அவரைத் தாண்டி ஒரு லாரியும் வெளியே போக முடியாது.

அந்தப் பிரிண்டர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் அனுப்புவது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. நடுவில் ஸ்பூலர் என்று ஒருவன் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாதிரி. எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்புவான். முதல் பாஸ் கெட்டுப்போய் நின்றுவிட்டால் பின்னால் உள்ளவை அத்தனையும் நிற்கும். அப்போது ஸ்பூலரை நிறுத்த வேண்டும், தேங்கிக் கிடப்பதைத் துடைத்து அழிக்க வேண்டும், ஸ்பூலரை மறுபடி ஓட்ட வேண்டும். கறுப்புத் திரையில் மூன்று கட்டளை. அதை அடிக்க என் அறையிலிருந்து எடைமேடைக்கு வெயிலில், சிமெண்ட் தூசியில் நான் நடக்க வேண்டும். போய்ச் சேருவதற்குள் தலை நரைத்துவிடும். திரும்பி வந்து தட்டினால் மறுபடி கறுப்பாகும்.

நடந்து நடந்து சலித்துத்தான் ஷார்ட்கட் வைத்தேன். வேலை எளிது. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக். நியூ. அதற்குள் ஷார்ட்கட். ஒரு பெட்டி வந்து, எந்த புரோகிராம், எங்கே இருக்கிறது என்று கேட்கும். எல்லோரும் அங்கே ஏதாவது புரோகிராமின் விலாசத்தைக் கொடுப்பார்கள். அந்த இடத்தில் கட்டளையையே எழுதி வைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றாது. முதலில் சி.எம்.டி. என்று எழுதி, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் ஒரு எழுத்தும் போட வேண்டும். பிறகு நம் மூன்று கட்டளைகளையும் 'அண்ட்' குறியால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட வேண்டும். பெயர் கொடுத்து முடித்தால் டெஸ்க்டாப்பில் ஒரு படம் வந்து உட்காரும். இரண்டு தட்டு தட்டினால் மூன்று வேலையும் தானே நடக்கும். அப்போதிருந்த விண்டோஸில் ஆபரேட்டருக்கே எல்லா அதிகாரமும் கொடுத்து வைத்திருந்தோம். 'நிச்சயமாகத்தானா?' என்று குறுக்கே கேட்கும் வழக்கம் அதற்கு இல்லை.

அந்த ஒரு எழுத்தில்தான் சூட்சுமம். 'கே' போட்டால் வேலை முடிந்த பிறகும் கறுப்புத் திரை நிற்கும். 'சி' போட்டால் வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். நான் பார்த்துக்கொள்ள வசதி என்று முதலில் 'கே' போட்டிருந்தேன். மாலை ஷிப்ட் ஆபரேட்டர் பழனிவேலு, திருமழபாடிக்காரர், முதல் தடவை அதைத் தட்டினார். திரை கறுத்து வெள்ளை எழுத்து ஓடியதும் எழுந்து ஓடி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். எடைமேடை இருட்டாகி, மேடை மேல் ஒரு லாரி எடையே இல்லாமல் நின்றது.

"கம்ப்யூட்டருக்கு மூச்சு நின்னு போச்சுங்க சார்" என்றார்.

அன்றைக்கே 'சி'க்கு மாற்றினேன். அதன் பிறகு கறுப்புத் திரை பளிச்சென்று தோன்றி மறைந்துவிடும். யாருக்கும் பயமில்லை.

இங்கேதான் கல்யாணசுந்தரம் சாரைச் சொல்ல வேண்டும். டெஸ்பாட்ச் மேனேஜர். என் மேலதிகாரி. குரலை உயர்த்தமாட்டார். வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அவருக்குத் தம்பி. ஓய்வு பெறப் போகிற மிலிட்டரியும் தம்பி. எந்த வேலையைத் தொடங்கினாலும் "முதல்ல பிள்ளையார்" என்பார். புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஊர் வழக்கம். சார் புது ஸ்டேப்லருக்கும் வைத்தார். ஒரு ஆயுத பூஜைக்கு ஸ்கேனரின் கண்ணாடியைத் திறந்து விபூதிப் பட்டை போட்டுவிட்டார். அதன் பிறகு நாங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு தாளிலும் மூன்று கோடு. "உங்கள் கிளை லெட்டர்ஹெட்டை மாற்றிவிட்டதா?" என்று அங்கிருந்து கேட்டார்கள். சார் படித்துவிட்டு, "பரவால்ல தம்பி, அவங்களுக்கும் போய்ச் சேருது" என்றார்.

என் ஷார்ட்கட்டைப் பார்வையிட வந்தார். அப்போது அதன் படம் வெறும் வெள்ளைக் கட்டம்தான். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன வேலை பண்ணுது தம்பி?"

"பிரிண்டர்ல தடங்கல் வந்தா நீக்கும் சார்."

"தடங்கலை நீக்குறது யாரு வேலை?"

எனக்குப் பதில் தெரியும். சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"மூஞ்சியே இல்லாம மொட்டைக் கட்டமா வச்சிருக்கியே. அவரு படத்தை வைப்பா."

மேலதிகாரி உத்தரவு. சுவர்க் காலண்டரிலிருந்து பிள்ளையாரை ஸ்கேன் செய்தேன். அவர் நெற்றியில் இருந்த பட்டையோடு கூட ஸ்கேனரின் மூன்று கோடும் சேர்ந்து விழுந்தது. சின்னச் சதுரமாக வெட்டி, ஐகான் பைலாக மாற்றி, ஷார்ட்கட்டின் பிராப்பர்டீஸில் 'சேஞ்ச் ஐகான்' போய்ப் பொருத்தினேன். நல்ல களையாக இருந்தார். சார் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு பிரிண்டர் தொல்லைக்கு நான் நடக்கவேண்டியிருக்கவில்லை. கொஞ்ச காலம் சொர்க்கம்.

பிறகு காலை ஷிப்டுக்கு ஆரோக்கிய மேரி வந்தாள். கான்ட்ராக்ட்காரர் மூலம் வந்த பெண். ஏலாக்குறிச்சியில் வீடு. விடிவதற்கு முன் பஸ் ஏறி, திருமானூர் வழியாக அரியலூர் வந்து, அங்கிருந்து ஆலை வேன். பழனிவேலு இரண்டு விரலால் தட்டுவார். இவள் பத்து விரலையும் உபயோகித்தாள். லாரிக்காரர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மனதுக்குள் நிம்மதி, ஒரு வழியாக எடைமேடைக்கு ஆள் கிடைத்தது என்று.

அவள் வந்து சேர்ந்த சில நாளிலேயே பாஸ்கள் காணாமல் போகின்றன என்ற புகார் தொடங்கிற்று. காலை ஷிப்டின் கடைசியில் அடித்தவை மட்டும். கம்ப்யூட்டரைக் கேட்டால் 'அச்சிடப்பட்டது' என்று சாதிக்கும். மிலிட்டரியைக் கேட்டால், "என் பிரிண்டர்ல ஒரு தாளும் வரலை" என்று சத்தியம் செய்வார். டிரைவர்கள் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டார்கள். ஒரு பாஸை இரண்டாம் தடவை அடிக்கவேண்டுமானால் மேனேஜர் நேரில் வந்து பாஸ்வேர்டு போட வேண்டும். அது ஆலையின் கட்டுப்பாடு. தினம் தினம் சாப்பாட்டுக் கையோடு கல்யாணசுந்தரம் சார் எடைமேடைக்கு வந்து, இடது கை விரலால் பாஸ்வேர்டு அடித்தார். மோர் சாதம் பாதியில் நின்றால் எந்த நல்ல மனிதருக்கும் முகம் மாறும்.

பழனிவேலு அடித்த பாஸ் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. இதுதான் மேரிக்கு வினையானது.

"வேகமா அடிக்குதுல்ல, அந்த வேகத்துல ஏதோ பட்டனை அமுக்கிடுது" என்றார் பழனிவேலு. மனதில் கள்ளம் வைத்துச் சொல்லவில்லை. அவருக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. கேபிளை மாற்றினேன். வைரஸ் தேடினேன். பிரிண்டரையே மாற்றினேன். புதுப் பிரிண்டருக்குச் சார் சூடம் காட்டினார். அன்றைக்கும் பாஸ் காணவில்லை.

கடைசியில் கான்ட்ராக்ட்காரரிடம் வேறு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு நான் எடைமேடைக்குப் போனபோது மேரி அழவில்லை. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை போனா போவுது சார். எங்கயாச்சும் டிடிபி சென்டர்ல உக்காந்துப்பேன். நான் அடிச்சதை அடிக்கலன்னு சொல்லி அனுப்புறாங்க பாருங்க. எங்க வூட்ல என்னன்னு சொல்லுவேன்? கவனமில்லாத பொண்ணுன்னு அனுப்பிட்டாங்கன்னா?"

அந்தப் பெண்ணின் கையில் தவறில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் 'தெரியும்' என்பதை எந்த மேனேஜரிடமும் காட்ட முடியாது. சாரிடம் போய் நின்றேன்.

"சார், ஒரே ஒரு நாள் ஷிப்ட் மாறுற நேரத்துல நீங்களே நேர்ல நின்னு பாருங்க. அதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு மேல தப்புன்னா அனுப்பிடுங்க."

சார் யோசித்தார். "சரி தம்பி. நானே பாக்குறேன். சாப்பிட்டுட்டு வந்து பாக்குறேன்" என்றார். 'சாப்பிட்டுட்டு' என்பதை அழுத்திச் சொன்னார்.

மறுநாள் எடைமேடை அறையில் நிற்க இடமில்லை. சார், நான், மேரி, ஷிப்டுக்கு வந்துவிட்ட பழனிவேலு, மேரிக்குப் பதிலாக ஒரு புது ஆளைக் கையோடு அழைத்து வந்த கான்ட்ராக்ட்காரர். நான் திரையின் ஓரத்தில் பிரிண்டரின் வரிசை தெரியும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். பாஸ் அனுப்பினால் அங்கே ஒரு வரியாகத் தெரியும். அச்சானதும் அந்த வரி போய்விடும்.

மேரி கடைசி லாரிகளுக்குப் பாஸ் அடித்தாள். வரிகள் வந்து நின்றன. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மிலிட்டரி பிரிண்டரை அணைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க அணைச்சீங்க?"

"ஷிப்ட் மாறுற நேரத்துல எப்பவும் அணைப்பேன் சார். காலையில இருந்து அடிக்குது. அதுவும் உசுரு மாதிரிதானே. கொஞ்சம் இளைப்பாறட்டும். டீ குடிச்சதும் போட்டுருவேன். நிக்கிறது எல்லாம் கடகடன்னு வந்துரும்."

ராத்திரி கேட்டை மூடும்போதும் அணைத்து, காலையில் மேரி வந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் போடுவாராம். அது தப்பில்லை. பிரிண்டர் அணைந்திருந்தால் பாஸ்கள் வரிசையில் பத்திரமாகக் காத்திருக்கும். ராத்திரி கடைசியில் பழனிவேலு அடித்த பாஸ்கள் தினமும் காலை வரை அப்படித்தான் காத்திருந்து வந்தன. அப்புறம் மேரியுடையது மட்டும் எங்கே போகிறது? நான் திரும்பி உள்ளே வந்தேன்.

சார் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "யாரும் எதையும் தொடக்கூடாது. பழனிவேலு தம்பி, கையைப் பின்னால கட்டிக்க. மேரி, நீ எந்திரிச்சு தள்ளி நில்லும்மா. இந்தப் பாஸ் எல்லாம் எப்படிக் காணாம போவுதுன்னு இன்னிக்கு நானே உக்காந்து பாத்துடறேன்."

செருப்பைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். திரையில் பாஸ்கள் வரிசையாக, சுகமாக நின்றுகொண்டிருந்தன. எல்லோரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முதல்ல பிள்ளையார்" என்றார் சார். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையார் மேல் இரண்டு தட்டு தட்டினார்.

கறுப்புத் திரை பளிச்சென்று தோன்றி மறைந்தது. வரிசை மங்கிற்று. மறுபடி தெளிந்தபோது வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு பாஸ் இல்லை.

சார் கண்ணைத் திறந்தார். வெள்ளையைப் பார்த்தார். தன் கையில் இருந்த மவுஸைப் பார்த்தார். அது அவர் கையில் எப்படி வந்தது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது.

பழனிவேலு பின்னால் கட்டிய கையை எடுக்காமலே மெதுவாகச் சொன்னார். "நானும் தினம் அப்படித்தாங்க சார் ஆரம்பிப்பேன். தொட்டதும் கண்ணைச் சிமிட்டுவாரு. நல்ல சகுனம்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் விஷயம். பிரிண்டர் சிக்கினால் மட்டும் தட்டவேண்டிய கட்டளையை, படம் மாறிய நாளிலிருந்து, வேலை தொடங்குமுன் தட்டிக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பழனிவேலு வந்ததும் பிள்ளையார், பிறகுதான் நாற்காலி. அந்த நேரத்தில் பிரிண்டர் இளைப்பாறிக்கொண்டிருக்கும். வரிசையில் காத்திருந்த மேரியின் பாஸ்கள் மொத்தமும் துடைத்துப் போகும். காலையில் வரும் மேரி சிலுவை போட்டுக்கொண்டு நேராக வேலையைத் தொடங்குவாள். அவள் பிள்ளையாரைத் தொடுவதில்லை. அதனால் பழனிவேலுவின் பாஸ்கள் பிழைத்தன. ஒழுங்காக இருந்ததற்குத்தான் அந்தப் பெண்ணுக்குக் கெட்ட பெயர்.

அவளுக்கு முன்னால் இருந்த ஆபரேட்டரும் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இரண்டு ஷிப்டின் பாஸ்களும் காணாமல் போனதால் யாரும் யாரையும் குறை சொல்லாமல், மிலிட்டரியின் தலையில் கட்டிவிட்டு மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டு கட்டுப்பாடு வந்ததே மேரி சேர்ந்த சமயத்தில்தான், அதுவரை விஷயம் வெளியே வரவில்லை.

சார் என்னைப் பார்த்தார். "தம்பி, பிள்ளையாரா?"

"பிள்ளையார் இல்ல சார். அவருக்குப் பின்னால இருக்கிற கட்டளை."

சார் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. கான்ட்ராக்ட்காரரிடம், "புது ஆளை மூட்டை எண்ணுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ. இங்க ஆள் இருக்கு" என்றார். பிறகு நாற்காலியை மேரி பக்கம் தள்ளினார். "உக்காரும்மா. உன் சீட்டு இது. நான் பாஸ்வேர்டு போடுறேன், நீ அடி."

மேரி உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே பத்து விரலாலும் அடித்தாள். ஒரு பிழை இல்லை. மிலிட்டரி சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டரைப் போட்டார். கடகடவென்று பாஸ்கள் வந்த சத்தம் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அந்த ஆலையில் கேட்டதில்லை.

இனி பிள்ளையாரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

"எடுத்துடலாமா சார்?"

"அவரை எடுக்கச் சொல்ல நான் யாரு தம்பி?"

ஆக, அவர் இருக்க வேண்டும், கட்டளை போக வேண்டும். ஷார்ட்கட்டைப் பிரித்து இரண்டாக்கினேன். பிள்ளையாருக்குப் பின்னால் பிங் என்ற கட்டளையை எழுதினேன். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை 'இருக்கியா?' என்று கேட்கும் கட்டளை அது. நான் அதைத் தன்னையே கேட்டுக்கொள்ளும்படி வைத்தேன். தட்டினால் கறுப்புத் திரை வரும். கம்ப்யூட்டர் தன்னைத் தானே 'இருக்கியா?' என்று கேட்டு, 'இருக்கேன்' என்று பதிலும் சொல்லிக்கொண்டு மூடிவிடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பழனிவேலு தட்டிப் பார்த்துவிட்டு, "முன்னைவிட நின்னு நிதானமா சிமிட்டுறாருங்க" என்று மகிழ்ந்தார்.

துடைக்கிற கட்டளைக்கு யார் படம் வைப்பது? யாரும் சும்மா தொடக்கூடாத படமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் இருக்கும் மண்டை ஓட்டை வைக்கலாம் என்றேன். ஆலை முழுக்க அந்தப் படம் இருக்கிறது, ஒருவரும் மதிப்பதில்லை என்றார் சார். சனீஸ்வரனை வைக்கலாம் என்றார் பழனிவேலு. வைத்தால் சனிக்கிழமை தோறும் மானிட்டரைச் சுற்றி வருவார்கள் என்று அதுவும் தள்ளுபடி. மேரிக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று சார், "உனக்கு வேணும்னா மாதா படம் ஒண்ணு வைக்கச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். மாதா கோயில்லயே இருக்கட்டும். இங்க வந்தா யாராச்சும் டபுள் கிளிக் பண்ணுவாங்க."

சார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை வை தம்பி. என் மூஞ்சியை எவன் வேலைக்கு வந்ததும் முதல் வேலையாத் தொடப் போறான்?"

உண்மைதான். நான் ஓய்வு பெறும்வரை பிரிண்டர் நிஜமாகவே சிக்கினால் ஒழிய அந்தப் படத்தை யாரும் தொடவில்லை. தொடும்போதும் ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டுதான் தொடுவார்கள். மெஷின்கள் மாறின, விண்டோஸ் மாறிற்று, ஷிப்ட் மாறும்போது பிரிண்டரை அணைக்கும் மிலிட்டரியின் வழக்கம் மட்டும் கேட்டில் மாறவில்லை. இரண்டு படங்களையும் புது மெஷினுக்கு நானே எடுத்துப் போய் வைத்தேன். மேரி நிரந்தரம் ஆனாள். படிப்படியாக மேலே வந்து இன்று டெஸ்பாட்சையே பார்க்கிறாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்று சாயந்திரம் ஹரிஷைக் கூப்பிட்டேன்.

"பிள்ளையார் மேல தப்பு இல்லப்பா. பக்கத்துல ஒரு பெரியவர் போட்டோ இருக்கும் பாரு."

"இருக்கு சார். யாரோ சாமியாருன்னு நெனச்சேன்."

"சாமியாரா?"

"மாலை போட்டிருக்கே சார். நெத்தியில பொட்டு. பழனிவேலு அண்ணன் கம்ப்யூட்டர் பெயிண்ட்ல வரைஞ்சு வச்சாராம்."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணசுந்தரம் சார் சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். திருச்சியில் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர்களில் பழனிவேலுவும் ஒருவர். திரும்பி வந்தவருக்குப் போட்டோவை அப்படியே வைத்திருக்க மனம் வரவில்லை. மாலை போட்டார். மாலை போட்ட படத்தைக் கண்டால் நம் ஜனங்களின் கை சும்மா இருக்குமா?

"இப்ப வர்ற ஆபரேட்டருங்க ஷிப்டுக்கு வந்ததும் என்ன பண்றாங்க ஹரிஷ்?"

"பிள்ளையாரைத் தொடுறாங்க. அப்புறம்..." என்று இழுத்தவன் சட்டென்று நிறுத்தினான். "ஐயோ."

"அதேதான்" என்றேன். வயிறு குலுங்கச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை பாஸ்களைக் காப்பாற்றிய முகம் அது.

ஹரிஷ் மாலையை அழித்துவிடலாமா என்றான். கூடாது என்றேன். சாருக்கும் பிங்கையே வைக்கச் சொன்னேன். தினமும் யாராவது தொடட்டும். 'இருக்கியா?' என்று கேட்கட்டும். 'இருக்கேன்' என்று வரட்டும்.

அதற்குள் போனை மேரி வாங்கிவிட்டாள். "எல்லாம் சரி சார். அப்ப பிரிண்டர் சிக்குனா எதைத் தொடறது? புதுசா ஒரு படம் வேணுமே."

"என் போட்டோவை வேணா அனுப்பட்டுமா?"

"நல்லா சொன்னீங்க. நீங்க ரிட்டையர் ஆனவரு, யாருக்கும் பயம் இருக்காது. அதோட அப்புறம் ஒரு நாள் அதுக்கும் மாலை போடணும். வேணாம் சார், நீங்க நல்லா இருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "என் போட்டோவையே வைக்கச் சொல்றேன். என் மூஞ்சியை எவன் சார் வேலைக்கு வந்ததும் முதல் வேலையாத் தொடப் போறான்?"

மறுநாள் ஹரிஷ்தான் போனில் படம் எடுத்தானாம். கொஞ்சம் சிரிங்க மேடம் என்றானாம். மேரி மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.